உட்காராத நாள்

தாரிங்காதான். தண்ணீர்க் குழாய் முனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அந்தத் தோள் சாய்வு வேறு யாருக்கும் கிடையாது, பதினாறு வருஷம் போனாலும் ஒரு மனுஷியின் நடை போகாது போலிருக்கிறது. கறுப்பு முக்காடு, கையில் ஏதோ துணி முடிச்சு, பனி உறைந்த மேட்டுத் தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக ஏறி வருகிறாள். வேறு வீட்டுக்காகவும் இருக்கலாம். புனித நிக்கோலாவைக் காவலராக வைத்திருக்கிற குடும்பம் இந்தத் தெருவிலேயே நாலு இருக்கிறது, நாலு வீட்டிலும் இன்றைக்கு ஸ்லாவா, காவலர் திருநாள். மருந்துக் கடைக்காரன் வீட்டில் மீன் இதைவிட நன்றாக இருக்கும், அங்கே போயேன் அம்மா, அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், இங்கே என்ன இருக்கிறது, ஒரு கிழட்டு ஜெனரல் ஜன்னலோரம் வலிக்கிற காலோடு நின்றுகொண்டிருக்கிறான். செர்பியாவில் யார் வைத்தார்களோ இந்த வழக்கத்தை. ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவது கிடையாது, வருகிறவர்கள் தாமாக வருவார்கள், எதிரியே வந்தாலும் வாசலில் நிறுத்தக் கூடாது, மெழுகுவர்த்தி எரிந்து முடிகிற வரை வீட்டுக்காரன் உட்காரவும் கூடாது, நின்றபடியே ஊற்ற வேண்டும், நின்றபடியே பரிமாற வேண்டும். காலையில் பாதிரியார் வந்து அப்பத்தை வெட்டிவிட்டுப் போனதிலிருந்து நிற்கிறேன். முழங்காலில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது. என் மனைவி பெர்சிதா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒப்ரென், அந்தச் சுவரிலாவது சாய்ந்துகொள்ளுங்கள் என்றாள். நாயே போ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன், பாவம், அவள் என்ன செய்தாள். வாயைத் திறந்தால் கத்துவேன், கத்தினால் மேஜையில் இருக்கிற எட்டுப் பேரும் திரும்புவார்கள், திரும்பினால் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

தலைமையாசிரியர் மிலோவான் மூன்றாவது தடவையாக அந்தக் கல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். வசந்தத்தில் தேவாலய முற்றத்தில் நடப்போகிற கல். எங்கள் டிவிஷனில் செத்த இந்தப் பக்கத்து ஆட்களின் பேரெல்லாம் அதில் வரும், கல்தச்சன் வந்துவிட்டான், எழுத்துக்குப் பொன்னிறம் பூசலாமா வெள்ளையே போதுமா, ஜெனரல் அவர்கள் சொல்ல வேண்டும். பட்டியலில் கையெழுத்துப் போட்டது ஜெனரல் அவர்கள்தானே. கணவாயில் செத்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் இருக்கிறார்கள், அவர்களை நடத்திப்போன மேஜர் ரதிசாவ் மட்டும் இல்லை. உத்தரவை மீறியவனுக்குக் கல்லில் இடம் இல்லை என்று கமிட்டியில் எவனோ சொன்னான், நான் பேனாவை மையில் தோய்த்தேன், அவ்வளவுதான், பேனாவைத் தோய்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும். ரதிசாவ் என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், என் மூத்தவளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கியவன். இந்த உறவுக்கு எங்களிடம் கும் என்று பேர், கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கும்மோடு போட்டால் கடவுளே முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பார்கள். அவன் பெண்டாட்டி எனக்குக் குமா. அந்தக் குமாதான் வருகிறாள், இப்போது பேக்கரிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறாள், திரும்பிப் போனாலும் போவாள், போய்விடு, போய்விடு. சீ, எனக்கு இந்த வயதிலும் இந்தப் புத்தி.

கேட்கத்தான் வருகிறாள். கல் விஷயம் அவள் காதுக்குப் போயிருக்கும், என் புருஷன் பேர் எங்கே என்று எட்டுப் பேர் முன்னால் கேட்பாள். கேட்கட்டும், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பேரம் என்றால் எனக்குத் தாய்ப்பால். எங்கப்பா பன்றி வியாபாரி, பன்னிரண்டு வயதில் என்னைச் சந்தையில் இறக்கிவிட்டார், நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான், சேறும் மூத்திரமும் நாலா பக்கமும் கெட்ட வார்த்தையுமாக. விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் தரகன் சேர்த்துப் பிடித்துக் குலுக்குவான், விலை படிகிற வரை விட மாட்டான், நான் என் கையைப் பிடுங்கிக்கொண்டு விருட்டென்று நடந்துவிடுவேன், பின்னாலேயே கூப்பிடுவான், திரும்பி வருவேன், மறுபடியும் பிடுங்கிக்கொண்டு நடப்பேன். மூன்று தடவையாவது விட்டுவிட்டு நடக்காமல் முடித்த பேரத்தை அப்பா பேரத்திலேயே சேர்க்க மாட்டார். இன்னொன்று, உட்காரக் கூடாது. கால் விட்டுப்போய் ஒரு நாள் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தேன், சவுக்குக் கம்பாலேயே அடித்தார், நீ உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவன் விலையை இறக்கிட்டான் பாருடா பன்னிக்குட்டி என்று. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எந்தப் பேரத்திலும் நான் உட்கார்ந்தது கிடையாது. பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தேன், பத்தொன்பது வயதில் முதல் யுத்தம், ரெஜிமெண்டுக்குத் தீனி இல்லாதபோது மூன்று மில்காரர்களை ஒருத்தனோடு ஒருத்தனை மோதவிட்டுப் பாதி விலைக்கு மாவு வாங்கிக் கொடுத்தேன், அங்கே ஆரம்பித்தது. பாரிஸில் படித்துவிட்டு வந்தவர்களெல்லாம் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றபோது நான் குதிரையும் புல்லும் படகும் கொண்டுவந்தேன். சார்ஜெண்ட், லெப்டினெண்ட், கேப்டன், துருக்கிக்காரனோடு யுத்தம் வந்தபோது கர்னல், அடுத்த யுத்தத்தில் ஜெனரல். முதுகுக்குப் பின்னால் பன்றி ஜெனரல் என்பார்கள். எனக்குத் தெரியும், தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் சாப்பாடு இல்லாத இடத்தில் என் கூடாரத்துக்குத்தான் வருவார்கள். ரதிசாவ் ஒருத்தன்தான் என் முகத்துக்கு நேராகவே சொல்வான், ஏ பன்னிக்காரா, இன்னைக்கு யாரை ஏமாத்தினே என்பான், வாத்தியார் மகன், மெல்லப் பேசுவான், நான் கத்தும்போதெல்லாம் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நிற்பான், கத்தி முடித்ததும், சரி, இப்ப சொல்லு என்பான். அந்தச் சரி, இப்ப சொல்லு. பதினாறு வருஷமாக அதைச் சொல்ல ஆள் இல்லை எனக்கு.

பேக்கரிப் படியை விட்டு இறங்கிவிட்டாள். மேலேதான் வருகிறாள்.

அன்றைக்கும் இதே நாள்தான். நிக்கோலா நாள். நாடு முழுக்கக் கைவிட்டுப் போய்ப் பட்டாளம் மலைகளைத் தாண்டிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலம், மாடுகள் நின்ற இடத்திலேயே செத்து உறைந்தன, மனிதர்களும்தான். ரதிசாவ் விடிந்ததும் வந்தான், பின்னால் துரத்தி வருகிறவர்களைக் கணவாயில் தடுத்து நிற்பது அவன் வேலை, போவதற்கு முன்னால் சட்டைக்குள் கையைவிட்டு ஒரு தடித்த மெழுகுவர்த்தியை எடுத்தான். ஊரிலிருந்து உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், எனக்காக, ஸ்லாவாவுக்கு மெழுகுவர்த்தி இல்லாமல் என் கும் நிற்கக் கூடாது என்று. கோதுமை ஏது, இன்றைக்கு மேஜையில் இருக்கிற மாதிரி வேகவைத்து இடித்துச் சர்க்கரையும் அக்ரூட்டும் போட்டுச் செத்தவர்கள் பேரால் ஆளுக்கொரு கரண்டி வைக்கிற கோதுமை. குதிரைக்கு வைத்திருந்த பார்லியைத் தகர டப்பாவில் வேகவைத்து வந்தான். எனக்கு ஒரு கரண்டி எடுத்து வை, சாயங்காலம் வந்து தின்னுக்கறேன் என்றான். நீ சொல்லி அனுப்புற வரைக்கும் அங்கேயே நிக்கறேன், பாலம் கிடைச்சதும் சொல்லி அனுப்பு என்றான். பாலம் கிடைச்சதும். அதுதான் பேச்சு. ஆற்றைத் தாண்ட ஒரே ஒரு மரப்பாலம், அக்கரையில் அந்த மலைக்குத் தலைவன் ஆட்களோடு நிற்கிறான், அவன் மண், அவன் பாலம். காலை ஒன்பது மணிக்கு அவன் விலையைச் சொல்லிவிட்டான். நாற்பது துப்பாக்கி. கொடுத்துவிட்டு நட, பனி வருது என்று மொழிபெயர்ப்பவன் வழியாகச் சொல்லிவிட்டு நெருப்புக்கு முன்னால் எனக்கு ஆட்டுத்தோல் விரித்தான், உட்காரச் சொன்னான். நல்ல விலை. இன்றைக்கு நினைத்தாலும் நல்ல விலைதான், நாலாயிரம் பேர் தாண்டுவதற்கு நாற்பது துப்பாக்கி, அதிலும் பாதி துருப்பிடித்தது. நான் உட்காரவில்லை. பதினைந்து என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் காரணம் வைத்திருக்கிறேன், வரிசையாக வைத்திருக்கிறேன், அந்தத் துப்பாக்கியாலேயே நம்மைச் சுடுவான், ராஜாங்கச் சொத்து, இந்தப் பாலத்தில் நாற்பது கொடுத்தால் அடுத்த பாலத்தில் எண்பது கேட்பான். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரிய அதிகாரிகளிடம் இதையெல்லாம் சொன்னேன், தலையை ஆட்டினார்கள். சொல்லாதது ஒன்றுதான். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று மாதமாக ஓடிக்கொண்டே இருந்தவன் நான், பீரங்கியைக் கையாலேயே பள்ளத்தில் தள்ளியவன், அன்றைக்குக் காலையில் முதல் தடவையாக என் கைக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன், அவன் கூப்பிட்டான், அந்தக் கூப்பிடுகிற குரல் முதுகில் விழுந்ததும் உடம்பில் ஒரு சூடு ஏறியது பார், அதை யாரிடம் சொல்வேன். பதினெட்டு. முப்பத்தைந்து. மறுபடியும் நடந்தேன். தூரத்தில் கணவாய்ப் பக்கம் சுடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது, எனக்குக் கேட்டது, கேட்கவில்லை என்று சொன்னால் பொய், கேட்டுக்கொண்டேதான் இருபத்திரண்டு என்றேன். மூன்றாவது தடவை நடந்தபோது பனி கொட்டியது, அவன் கூப்பிட ரொம்ப நேரம் ஆயிற்று, அந்த நேரத்தில் நான் கணவாயை நினைக்கவில்லை, கூப்பிடுவானா மாட்டானா என்றுதான் நினைத்தேன். இருபத்தேழில் முடிந்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. கையைக் குலுக்கும்போது அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான், என்னைவிடச் சின்னவன், தாடியில் பனி, என்னமோ சொன்னான், மொழிபெயர்ப்பவன் தயங்கினான், சொல்லுடா என்று அதட்டினேன். பதிமூணு துப்பாக்கி மிச்சம் பிடிச்சிட்டே, உனக்குப் பின்னால யாரும் இல்லையா என்று கேட்கிறான் என்றான்.

அப்போதுதான் எழுதினேன். பின்வாங்கு, பாலம் கிடைத்துவிட்டது, மணி ஒன்று பத்து. குதிரைக்காரன் எடுத்துப் போனான், இரண்டு மணி நேரத்தில் அதே காகிதத்தோடு திரும்பி வந்தான், வழி மூடிவிட்டது, மேலே சுடுகிற சத்தம் நின்றுவிட்டது, ஒருத்தரும் இல்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டேன். கூடாரத்தில் ரதிசாவ் கொடுத்த மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் டப்பா மூடியில் அவனுக்கு எடுத்துவைத்த ஒரு கரண்டி பார்லி. அந்த நெருப்பிலேயே காகிதத்தைக் காட்டினேன். ஸ்லாவா மெழுகுவர்த்தியில். எந்த செர்பியனாவது செய்வானா இதை, துருக்கிக்காரன்கூடச் செய்ய மாட்டான். பிறகு அறிக்கை எழுதினேன், பின்வாங்கும் உத்தரவு ஒன்பது மணிக்கே அனுப்பப்பட்டது, மேஜர் ரதிசாவ் அதைப் பொருட்படுத்தாமல் தன் விருப்பப்படி கணவாயில் தங்கினார். தன் விருப்பப்படி. அந்த வார்த்தைக்கு ஒரு நிமிஷம் யோசித்தேன், அது ஞாபகம் இருக்கிறது. குதிரைக்காரன் கடலுக்கு அப்பால் தீவில் காய்ச்சலில் போய்விட்டான். அவன் செத்த சேதி வந்த அன்றைக்கு நான் இரண்டு தட்டு சூப் குடித்தேன், பசித்தது. டிவிஷனைக் காப்பாற்றியதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். வருஷா வருஷம் இந்த மேஜையில் யாராவது எழுந்து, பாலத்தையே பேரம் பேசி வாங்கிய ஜெனரலுக்கு என்று கோப்பையைத் தூக்குவார்கள், நானும் தூக்குவேன்.

வாசலில் செருப்பு உதறுகிற சத்தம். பெர்சிதா கதவைத் திறந்துவிட்டாள், ஐயோ தாரிங்கா என்று கட்டிக்கொண்டு அழுகிறாள், இவளுக்கு எதுவும் தெரியாது, இவளிடம்கூடச் சொல்லவில்லை, கல்யாணமாகி நாற்பது வருஷம். நான் நேராக அடுக்களைக்குள் போய்விட்டேன். இதுதான் முதல் நடை, புத்தி எங்கே போகும். அடுப்பங்கரையில் ரக்கியாச் சாராய ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் விலையை ஒழுங்குபடுத்தினேன், முதலில் பேச்சை மாற்றுவது, படியாவிட்டால் பட்டியல் கமிட்டி போட்டது என்பது, அதுவும் படியாவிட்டால் அவன் பேரையும் போட்டுவிடலாம் குமா, நான் சொன்னால் கேட்பார்கள் என்று பெரிய மனதாகக் கொடுப்பது. பேரைக் கொடுத்து விஷயத்தை மிச்சம் பிடித்துவிடலாம். அங்கேயே நின்றபடி இதைக் கணக்குப் போட்டேன், நாக்கில் அதே பழைய சூடு.

வெளியே வந்தபோது எட்டுப் பேர் கண்ணும் அவள் மேல்தான் இருந்தது. அவள் சுவரில் இருந்த நிக்கோலா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள், துணி முடிச்சை அவிழ்த்து ஒரு மெழுகுவர்த்தியை வைத்தாள். ஒடுங்கிப்போய்விட்டாள். கன்னம் பனியில் வெடித்திருக்கிறது. பெர்சிதா கோதுமைத் தட்டை நீட்டினாள், தாரிங்கா கரண்டியை எடுத்தாள், எடுத்தவள் தின்னவில்லை, கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். தலைமையாசிரியர் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, அம்மா, கல்லைப் பற்றி என்றால் கமிட்டிக்கு ஒரு மனு என்று ஆரம்பித்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"கல்லுல அவர் பேர் வேண்டாங்க. அதுக்கு வரல."

பிறகு என்னிடம் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், கூட்டத்துக்குச் சொல்கிற குரல் இல்லை அது.

"கும், அவர் பிடிவாதத்துல நூத்துப் பன்னிரண்டு வீடு இருட்டாப் போச்சு. நீங்க சொல்லி அனுப்பியும் கேக்காம நின்னுட்டார். அந்த வீடுகள்ல சும்மா நாள்ல போனா என்னைப் படியேத்த மாட்டாங்க. அதனால அவங்கவங்க ஸ்லாவா அன்னிக்குப் போனேன். அன்னிக்கு யாரும் விரட்ட முடியாதில்ல. ஒரு கரண்டி கோதுமை தின்னுட்டு, அவருக்காக மன்னிப்புக் கேட்டுட்டு வருவேன். வருஷத்துக்கு ஏழு வீடு, எட்டு வீடு. சில வீட்டுல முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் தட்டை நீட்டினாங்க. எல்லாம் முடிஞ்சுது. உங்க வீடுதான் கடைசி. உங்களுக்குத்தான் அவர் பெரிய துரோகம் பண்ணிட்டார், அதான் உங்ககிட்ட வர்றதுக்கு இவ்வளவு நாள் தைரியம் வரல."

அடுக்களைக்குப் போனேன். எப்போது திரும்பினேன், எப்படிப் போனேன், தெரியவில்லை, கால் போய்விட்டது. இரண்டாவது நடை. அடுப்பில் மீன் கருகுகிற வாசனை, யாரும் கவனிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வாசல். ஒவ்வொரு வாசலிலும் அவள் இப்படி அடி அடியாக ஏறியிருக்கிறாள், எந்தெந்த ஊர், மலை மேல் வீடு, ஆற்றுக்கு அப்பால் வீடு, நாய் இருக்கிற வீடு, ஒவ்வொரு வாசலிலும் என் பொய்யைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள், நான் ஒரு தடவைதான் எழுதினேன், அவள் நூற்றுப் பன்னிரண்டு தடவை சொன்னாள். அப்போதுகூட ஒரு மூலையில் ஒருத்தன் பேரம் பேசுகிறான், கேள், அவள் கேட்பது மன்னிப்புதானே, கொடுத்துவிடு, மன்னித்தேன் குமா என்று ஒரே ஒரு வார்த்தை, தின்றுவிட்டுப் போய்விடுவாள், இவ்வளவு மலிவாக எந்தச் சந்தையில் கிடைக்கும். வெளியே வந்தேன். வாய் திறந்தேன். மன் என்று ஆரம்பித்துவிட்டேன், கடவுள் சாட்சியாக அந்த முதல் எழுத்து என் உதட்டில் வந்துவிட்டது. அவள் கரண்டியைத் தூக்கினாள், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. சரி, இப்ப சொல்லு.

மூன்றாவது நடைக்குக் கால் எழவில்லை. தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி பாதிகூட எரியவில்லை. பெர்சிதா என் பேரைச் சொன்னாள், ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரன் உட்கார்ந்து இந்த ஊர் பார்த்ததில்லை.

"உத்தரவு போகல, குமா," என்றேன். "ஒன்பது மணிக்கு நான் பேரம் பேசிக்கிட்டிருந்தேன். ஒரு மணிக்குத்தான் எழுதினேன், அது அவன் கைக்குப் போய்ச் சேரல. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் நிக்கறேன்னான், நின்னான். அறிக்கையில எழுதினது பொய்."

நான் எதிர்பார்த்தது என்ன, கத்துவாள், அறைவாள், மயங்கி விழுவாள். ஒன்றும் இல்லை. கரண்டியில் இருந்த கோதுமையை ஒரு மணி சிந்தாமல் தட்டிலேயே திரும்பப் போட்டாள், கரண்டியைத் துணியில் துடைத்து மேஜையில் வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாலு மணி வெயில் ஜன்னலில் மஞ்சளாக விழுந்து மேஜைத் துணியில் ஒரு பட்டை போட்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஸ்தேபான் நாள்ல ஸ்லாவா ஏழு வீடு," என்றாள் அவள். "யோவான் நாள்ல பத்தொன்பது. அதுல மூணு வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம், குளிர்காலத்துல படகு வராது, சுத்தித்தான் போகணும். ஒவ்வொரு வீட்டுக்கும் வழி எனக்குத் தெரியும், இனி நீங்கதான் போகணும். எழுதிக்குங்க."

என் பை முழுக்கத் தடவினேன், பென்சில் இல்லை. தலைமையாசிரியர் கல்லுக்கு எழுதி வைத்திருந்த பட்டியலைத் திருப்பி வெற்றுப் பக்கம் மேலே வரும்படி என் முன்னால் தள்ளினார், தன் பென்சிலையும் மேலே வைத்தார். உட்கார்ந்தபடியே எழுதினேன். யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.